நினைவுடைய குவாண்டம் செய்தித் தடங்கள்

கொச்சியில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து இரு தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, துடுப்பின்றி விடப்படுவதாகக் கொள்வோம். காயலின் நீரோட்டம் அவற்றை எங்குக் கொண்டு சேர்க்கும் என முன்கூட்டிக் கூற இயலாது. ஆயினும் அச்சிறு பொழுதில் நீரோட்டம் மாறுவதில்லை. இரண்டும் ஒரே விதமாகவே இழுக்கப்படும். ஆகவே செய்தியைத் தோணி சேரும் இடத்தில் குறிக்காது, இரண்டின் இடைவெளியில் குறித்தால் அது பெரிதும் கெடாது.

செய்தித் தடத்தின் கொள்ளளவை 1948-இல் ஷானன் வரையறுத்தார். குவாண்டம் நிலைகளிலிருந்து பெறத்தக்க செய்தியின் மேல்வரம்பை 1973-இல் ஹோலெவோ நிறுவினார். தொடக்கத்தில் அறிஞர் பலர், இரைச்சல் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே தாக்குவதாகக் கொண்டே கணக்கிட்டனர். கண்ணாடி இழையில் நிகழ்வது வேறு. இழையின் வெப்பமும் இறுக்கமும் மெதுவாகவே மாறுவதால், அடுத்தடுத்து நுழையும் இரு ஒளித்துகள்களின் தளவிளைவுத் திசையை அது ஏறத்தாழ ஒரே அளவு திருப்பிவிடுகிறது. இதனையே தடத்தின் ‘நினைவு’ என்பர்.

நினைவு ஓர் எல்லையைக் கடந்தால், பிரித்துக் கூற இயலாதவாறு பின்னப்பட்ட துகளிணைகளே மிகுதியான செய்தியைச் சுமக்கும் என்று 2002-இல் மாக்கியவெல்லோவும் பால்மாவும் காட்டினர். 2004-இல் போலந்து நாட்டு ஆய்வாளர் இழைத் தடத்தை ஒத்த அமைப்பில் இதனைச் சோதித்தனர். திருப்பம் இரு துகள்களுக்கும் ஒன்றே, ஆனால் எவ்வளவென்று அறியவே இயலாது எனின், பின்னாத இணை ஏறத்தாழ 0.32 பிட் செய்தியையே தரும். பின்னிய இணை 1 பிட் முழுவதையும் தரும். ‘ஒற்றைநிலை’ எனப்படும் பின்னிய இணை, இரண்டும் ஒருங்கே திருப்பப்படும்போது சிறிதும் மாறாமையே இதன் காரணம். தோணி உவமை இங்கு ஓரளவே பொருந்தும். தோணிக்குத் தனக்கென ஓரிடம் உண்டு; பின்னிய துகளுக்கோ தனக்கெனத் திசையே இல்லை.

எனினும் நினைவு தீர்க்காத இடர் ஒன்றுண்டு. கொச்சியை லட்சத்தீவுகளுடன் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் 2024 சனவரியில் திறக்கப்பட்டது. அது சாதாரண ஒளித்துடிப்புகளைக் கொண்டு செல்வது. சுமார் 400 கிலோமீட்டர் அப்பாலுள்ள கவரத்திக்கு இழைவழியே தனி ஒளித்துகளை அனுப்பினால் என்னாகும்? நல்ல இழையிலும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழப்புண்டு. மொத்தம் 80 டெசிபெல். பத்துக் கோடித் துகள்களில் ஒன்றே கரை சேரும். ஒளிபெருக்கியும் உதவாது, அறியாத குவாண்டம் நிலையைப் பிழையின்றி நகலெடுத்தல் இயலாது. பின்னிய இணையில் இரண்டும் வந்தாக வேண்டுமாதலின், இழப்பு இரட்டிப்பாகி 160 டெசிபெல் ஆகும்.

2022 பிப்ரவரியில் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையில், குவாண்டம் முறையில் இரகசியத் திறவுகோல் அனுப்பிக் காட்டப்பட்டது. 100 கிலோமீட்டருக்கு இழப்பு 20 டெசிபெல். அங்கு நூற்றுக்கு ஒரு துகளேனும் வந்து சேரும்.