பழைய ஜீப் வண்டியில் மின்கலவடுக்கைப் பாதுகாப்பாகப் பொருத்துதல்

யாப்பு என்னுஞ் சொல்லுக்குக் கட்டு என்பது பொருள். கட்டுத் தளர்ந்தவிடத்துச் செய்யுள் சிதையும் என்பதை வகுப்பறையிற் பலகாலும் கூறிவருகின்றோம். கட்டுத் தளர்ந்தவிடத்து உயிர்க்கும் உடைமைக்கும் கேடு விளைக்கும் பொருள்களும் உலகில் உள. அவற்றுளொன்று, மோட்டார் வண்டியில் உள்ள மின்கலவடுக்கு. பாடநூல்கள் இங்ஙனம் கூறும் இதனை மக்கள் பற்றரி என்பர்; யாமும் இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம்.

கரடுமுரடான நிலத்திற் செல்லுதற்கென ஆக்கப்பட்ட வண்டிகளுள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பும், 1948 ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட லாண்ட் றோவரும் பெயர் பெற்றவை. இவற்றைப் பேணி ஓட்டுவோர் இன்றும் பல நாடுகளில் உளர்; நம் நாட்டிலும் உளர். எஞ்சினைக் கண்ணெனக் காப்போரும் பற்றரியின் கட்டினைக் கருதாது விடுதல் உண்டு. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

கட்டு வேண்டுவது ஏன்?

பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியொன்று ஏறக்குறைய 18 கிலோகிராம் நிறையுள்ளது எனக் கொள்வோம். வண்டி பள்ளத்தில் விழுந்தெழும்போது, புவியீர்ப்பைப்போல் மும்மடங்கான வேகவளர்ச்சி உண்டாகுமாயின், அக்கணத்தில் அதனைப் பிடித்துநிற்கும் கட்டு 54 கிலோகிராம் நிறையைத் தாங்குவதற்கொப்பான விசையைத் தாங்கல் வேண்டும். வண்டி நின்றாலும் தான் இயங்கிய திசையிலேயே செல்ல முயல்வது பொருள்களின் இயல்பென நியூற்றன் வகுத்த விதி பற்றரிக்கும் பொருந்தும்.

கட்டுத் தளரின் விளையுங் கேடுகள் மூன்று. முதலாவது, ஓயாத அதிர்ச்சியால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின் பூச்சு உதிர்ந்து பற்றரி விரைவிற் பழுதாகும். இரண்டாவது, உள்ளிருக்கும் சல்பூரிக்கமிலம் சிந்தி இரும்புச் சட்டகத்தையும், லாண்ட் றோவரின் அலுமினியக் கலப்புலோக உடலையும் அரிக்கும். மூன்றாவதே மிகக் கொடியது. உடலோடு இணையாத முனை பொனற் மூடியின் உலோகத்திலே தொட்டவிடத்துக் குறுஞ்சுற்று உண்டாகும். சுற்றின் மொத்தத் தடை 0.02 ஓம் எனின், ஓமின் விதிப்படி 600 அம்பியர் மின் பாயும். கம்பி செந்நிறங் கொள்ளும். அருகிலே பெற்றோற் குழாய் இருக்கும். மின்னேற்றும்போது வெளிப்படும் ஐதரசன் வாயு, காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்த அளவிலேயே தீப்பற்றவல்லது. ஒரு பொறி போதும்.

கழற்றும் முறை

முதற்கண் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிக. கைவிரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் களைக.

‘மறைமுனையை முதலிற் கழற்றுக’ என்பது பலரும் கூறும் விதி. இக்கால வண்டிகளுக்கு அது பொருந்தும்; பழைய வண்டிகள் எல்லாவற்றிற்கும் பொருந்தாது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் மறைமுனை உடலோடு இணைக்கப்பட்டது. அதன் பற்றரியோ ஆறு வோல்ற்று. 1960களின் நடுப்பகுதி வரை வந்த லாண்ட் றோவர்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆதலின் நினைவிற்கொள்ளத்தக்க விதி இதுவாகும்: உடலோடு இணைந்த முனை எதுவோ அதனை முதலிற் கழற்றுக, பூட்டும்போது அதனை ஈற்றிற் பூட்டுக. காரணம் வெளிப்படை. அம்முனையிற் பிடித்த ஸ்பனர் உடலிலே பட்டாலும் தீங்கில்லை. அது கழன்றபின் மற்றை முனையிற் பிடித்த ஸ்பனர் உடலிலே பட்டாலும் சுற்று முற்றுப்பெறாது. நிறத்தை நம்பாது, கம்பி செல்லும் இடத்தைக் கண்ணாற் கண்டு தெளிக.

தட்டு

பற்றரியை இரு கையாலும் சாயாது தூக்கி அகற்றியபின், அஃது இருந்த தட்டை நோக்குக. அப்பச்சோடாவை நீரிற் கரைத்து ஊற்றின் எஞ்சிய அமிலம் நுரைத்து அடங்கும். அக்கரைசல் பற்றரியினுட் செல்லாதிருத்தல் வேண்டும். பின் நன்னீராற் கழுவி உலர்த்தி, திருகாணிச் செலுத்தியின் நுனியாற் குத்திப் பார்க்க. துரு உட்புகுந்து உலோகம் நெகிழ்ந்திருப்பின் புதுத் தட்டே பொருத்துக. உறுதியற்ற தட்டின்மேல் எத்துணை வலிய கட்டும் பயன்படாது. தட்டைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் முடுக்கிப் பார்க்க. நற்றட்டாயின் அமிலந் தாங்கும் பூச்சைப் பூசி, நீர் வடியுந் துளை அடைபடாவாறு றப்பர் விரிப்பொன்றை இடுக.

பிடிப்பு

பழைய வண்டிகளிற் பெரும்பாலும் பற்றரியின் மேல்விளிம்பிற் பொருந்தும் சட்டமும், அதனைத் தட்டோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கித் தண்டுகள் இரண்டும் காணப்படும். இக்காலப் பற்றரிகள் சில அடிவிளிம்பிற் பிடிக்கத்தக்கனவாய் அமைந்தவை. அவற்றை மேற்சட்டத்தினுள் வைப்பின் பொருந்தாது ஆடும். ஆகவே வாங்குமுன் நீளம், அகலம், உயரம், முனைகளின் இடம் ஆகிய நான்கையும் அளந்து செல்க.

உயரத்தைச் சோதித்தற்கு எளிய வழியொன்றுண்டு. கம்பிகளைப் பூட்டுமுன், முனைகளின்மேல் மென்களிமண் உருண்டையை வைத்துப் பொனற் மூடியை மெல்லச் சாத்தித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளக்க. அஃது ஓரங்குலத்திற்குக் குறையின் வேறு பற்றரி தேடுதல் நன்று. மேலதிகச் சில்லைப் பொனற்றின்மேற் சுமக்கும் லாண்ட் றோவர்களில், அச்சுமையால் மூடி சிறிது தாழக்கூடும். ஆதலின் சில்லை ஏற்றியே அளத்தல் வேண்டும்.

தண்டுகளிரண்டையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. ஒன்றை முற்ற முடுக்கிப் பின் மற்றதை முடுக்கின் சட்டம் சாயும். மிகையாய் முடுக்கின் பற்றரியின் பெட்டி வெடிக்கும். பற்றரியைக் கையாற் பற்றி அசைக்கும்போது, அது தனித்து ஆடாது வண்டியோடு சேர்ந்தே ஆடுமாயின் அதுவே அளவு. பின் பூட்டு நட்டால் நிலைப்படுத்துக. கயிறும், இழுபடும் றப்பர்ப் பட்டியும் ஒருபோதும் ஈடாகா. அவை அதிர்ச்சியில் நீளும், வெப்பத்தில் இறும்.

ஈற்றில் உடலோடு இணையாத முனையைப் பூட்டி, அதற்கு றப்பர் மூடியிட்டு, பின்னர் மற்றை முனையைப் பூட்டுக. முனைகளிற் சிறிது வசலீன் தடவுக. கம்பி கூரிய விளிம்பில் உராயாவாறு இடையிடையே பிணைத்து வைக்க. சிலநாள் ஓடியபின் நட்டுகளை மீளவும் சோதிக்க. புதுக்கட்டு முதலிற் சிறிது தளர்தல் இயல்பு.

அமிலம் கண்ணிற் பட்டால், தாமதியாது ஓடும் நீராற் கால்மணி நேரமேனும் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்க.

இவையனைத்திற்கும் வேண்டுவது ஒரு முற்பகற் பொழுதும் சிறிது பொறுமையுமே. வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த பயணத்தின் முன் ஒருமுறை பொனற் மூடியைத் திறந்து, பற்றரியைக் கையால் அசைத்துப் பார்ப்பாராக. அஃது அசையாதிருப்பின் யாம் மகிழ்வோம்; அசையுமாயின் அன்றே ஆவன செய்க.