தானே கற்ற வீணை

நுழையும்முன்

நல்லாசிரியரை அடுத்துக் கலை பயில்வது நம் மரபு. அம்மரபு ஆழ வேரூன்றிய கருநாடக இசையில், எவரிடமும் வீணை பயிலாமலே வீணைக் கலைஞராய்ப் புகழ்பெற்றவர் எஸ். பாலசந்தர்.

இசைக் கலைஞர் ஒருவரைக் கண்டால், "யாரிடம் பயின்றீர்கள்?" என்று கேட்பது வழக்கம். அவ்வினாவிற்கான விடையில் அவர் எம்மரபினர், எப்பாணியினர் என்பதெல்லாம் அடங்கிவிடும். வீணை தனம்மாளின் இசை அவர்தம் குடும்ப மரபில் விளைந்தது. பாலசந்தருக்கோ வீணையில் சுட்டத்தக்க ஆசிரியர் இல்லை.

அவர் 1927ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். வீட்டில் இசை நிறைந்திருந்தது. அண்ணன் எஸ். ராஜம் பாடகர், ஓவியரும்கூட. அண்ணன் பாட, சிறுவன் பாலசந்தர் கஞ்சிரா வாசித்தார். 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' திரைப்படத்தில் இராவணன் அவையில் கஞ்சிரா இசைக்கும் சிறுவனாகவும் தோன்றினார். கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் இசைத்துப் பார்க்கும் ஆர்வம் அவரைச் சித்தாருக்கும், பின்னர் வீணைக்கும் அழைத்துச் சென்றது. வீட்டில் கேட்ட இசையே அவருக்குப் பாடமாயிற்று. ஆகவே, 'ஆசிரியரின்றி' என்பதை 'எதையும் கேளாமல்' என்று பொருள்கொள்ளுதல் தவறு.

வீணையில் நான்கு இசைத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் உண்டு. இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும். மெட்டுக்கு மெட்டு விரல் நகர்த்திச் சுரம் எழுப்பலாம். ஒரே மெட்டில் விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் எழுப்பலாம். இழுக்கும்போது ஒலி அறுபடாது. குரல் குழைவதைப் போலச் சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும். இந்த இழுப்பையே பாலசந்தர் தம் வாசிப்பின் உயிராக்கிக்கொண்டார். சித்தாரில் பழகிய விரல்கள் இதற்குத் துணைநின்றன. ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பயின்றிருப்பின், அப்பாணியே அவர் கையிலும் படிந்திருக்கக்கூடும்.

கடல் கடந்தும் இத்தகைய கலைஞர்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையையும், இடக்கை ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப முழக்கும் 'பூகி வூகி' இசையையும் பியானோவில் வாசித்தோருள் பலர் இசைக்குறிப்பைப் படித்துக் கற்றவரல்லர். காதால் கேட்டுக் கற்றவர்கள். பியானோவின் கட்டையை இழுத்துச் சுரத்தைக் குழைக்க இயலாது. எனவே, அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேரத் தட்டி அக்குழைவை உணர்த்தினர்.

பாலசந்தர் திரைத்துறையிலும் தடம் பதித்தவர். 1954இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' பாடலே இல்லாத படம். இசைக்கலைஞர் ஒருவர் எடுத்த படம் என்பதுதான் வியப்பு! பின்னாளில் வீணையே அவர்தம் வாழ்வாயிற்று. எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் இசைத்துப் பதிவு செய்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990 ஏப்ரல் 13 அன்று பிலாய் நகரில் அவர் உயிர் பிரிந்தது.

கற்பவை கற்றபின்...

பாலசந்தரின் வீணைப் பதிவொன்றையும் சித்தார்ப் பதிவொன்றையும் கேட்டு, தந்தி இழுக்கப்படும் இடங்களைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.