பழைய ஊர்திகளும் ஒரு தனியார் அருங்காட்சியகமும்

அருங்காட்சியகம் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பவை செப்புத் திருமேனிகளும் செப்பேடுகளும் முதுமக்கள் தாழிகளுமே. நம் பாட்டனார் ஓட்டிய மோட்டார் சைக்கிளை எவரும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. அதுவும் ஒரு காலத்தின் சான்று என்று கருதிய ஒரு குடும்பம் கோயம்புத்தூரில் உண்டு. அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015ஆம் ஆண்டு திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம் அவர்களுடைய முயற்சியே.

கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த நாயுடு, பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாதவர். ஊருக்கு வந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் அவரை ஆட்கொண்டது. கோவைக்குச் சென்றார், உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்தார், அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். அதைப் பிரித்துப் பூட்டிப் பார்த்ததே அவர் கற்ற முதற்பாடம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். அந்த ரட்ஜ் வண்டியை அவர் குடும்பத்தார் இன்றும் காத்து வருகின்றனர். மன்னர்களின் ரோல்ஸ்ராய்ஸ் எத்தனை வந்து நின்றாலும், என் கணக்கில் அந்த 300 ரூபாய் வண்டிக்கு ஈடாகா.

கார்களின் வரிசை பென்ஸ் வண்டியின் மாதிரியிலிருந்து தொடங்குகிறது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமை கோரிய அவ்வண்டிக்குச் சக்கரங்கள் மூன்று. ஆற்றல் முக்கால் குதிரைத்திறன். 1888இல் அவர் மனைவி பெர்தா, மைந்தர் இருவருடன் அவ்வகை வண்டியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் நிலையம் என்ற ஒன்றே இல்லாத காலம்! மருந்துக் கடையில் துணிக்கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். வேதியியல் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரும் அங்கே பாடம் நடத்துகிறது. எஞ்சின் பின்புறம், குளிர்விப்பது காற்று, ரேடியேட்டரே கிடையாது. இத்தகைய மாற்றங்களைப் படத்தில் காண்பது வேறு, இரும்பில் காண்பது வேறு.

இனி நம் பக்கம் வருவோம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் குடிகாடு. ஒருபுறம் தொழிற்சாலைகள், மறுபுறம் உப்பனாறு, அப்பால் கடல். இங்கு வெளியில் நிறுத்திய சைக்கிளின் ரிம் சில மாதங்களிலேயே செந்நிறம் காட்டும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் போதும்; உப்பு கலந்தால் ஈரம் மின்னைக் கடத்தும் கரைசலாகி அவ்வினை விரைவு பெறும். கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காருக்கு இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. அதன் மேற்பகுதிகள் பஞ்சுக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்தவை.

ஆனால் கூரைக்குள் நிறுத்திவிட்டால் மட்டும் வண்டி பிழைத்துவிடாது. ஓடாத எஞ்சினில் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலம் வடிந்து போகும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைக்கும். அவ்வப்போது ஓட்டிப் பார்க்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். தனியார் செலவின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது என்று ஊகிக்கலாம்.

சென்னை வடபழனி ஏ.வி.எம். வளாகத்திலும் 2023 மே மாதம் ஒரு பாரம்பரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பழைய கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் உள்ளன. எனினும் செல்வர் வீட்டுக் கார் காப்பாற்றப்படுவது எளிது. வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு கார், மைசூரில் பிறந்த ஜாவா, 1955 முதல் சென்னையில் கட்டப்பட்ட என்ஃபீல்டு போன்றவை பல்லாயிரக்கணக்கில் ஓடியவை. பல்லாயிரம் இருந்ததாலேயே எவரும் ஒன்றைக்கூட எடுத்து வைக்க எண்ணாமல் காயலான் கடைக்குப் போட்டனர். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரும் அவ்வழியே செல்கிறது.

வண்டியோடு கைத்திறனும் போகிறது. பழைய புல்லட்டின் 'பாயிண்ட்' இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். முதிய மெக்கானிக்குகள் சிலர் அதற்கு அளவுகோல் தேடுவதில்லை. சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து நடுவே செருகிப் பார்த்து, எஞ்சினின் ஓசையைக் காதால் கேட்டே சரிசெய்வர். நம் மாவட்டத்துச் சாலையோரப் பட்டறைகளில் அத்தகையோரைத் தேடி, கோடை விடுமுறையில் இயற்பியல் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் உட்காரலாம்.