வாஷிங்டன் வீடு கட்டித் தருகிறதா?

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அமெரிக்க அரசு மானியம் ஒதுக்கியிருக்கிறது, ஒரு சிறு கட்டணத்தைக் கட்டினால் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழும் என்று போனில் பேசுகிறவர்கள் மோசடிக்காரர்கள். அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட மானிய மோசடிகளைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. அந்தப் பொய் எடுபடக் காரணம் இருக்கிறது. வாஷிங்டனில் ஒரு கஜானா திறந்திருக்கிறது, அதிலிருந்து தனி ஆட்களுக்கு வீட்டுப் பணம் பட்டுவாடா ஆகிறது என்ற எண்ணம் பலர் மனதில் ஊறிப்போயிருக்கிறது.

அப்படியொரு பட்டுவாடா கிடையாது. 1965-ல் லிண்டன் ஜான்சன் காலத்தில் பிறந்த வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, அங்கே எல்லோரும் சொல்கிறபடி ‘ஹட்’, வீடு வாங்குகிற தனி ஆளுக்கு நேரடியாக மானியம் தருவதில்லை. பணம் மாநிலங்களுக்கும் கவுன்டிகளுக்கும் நகராட்சிகளுக்கும் போகிறது. அங்கிருந்துதான் தொண்டு நிறுவனத்துக்கோ, ஒப்பந்தக்காரருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ இறங்குகிறது. முதல் வீட்டுக்கு முன்பணம் கொடுத்து உதவும் நகரங்கள் உண்டு. ஆனால் அதற்கு ஏறி இறங்க வேண்டிய படி உள்ளூர் அலுவலகத்தின் படி.

செல்வாக்குள்ள எம்.பி. இருக்கும் ஊருக்குத்தான் பணம் வரும் என்பது அடுத்த நம்பிக்கை. 1974-க்கு முன்பு இதில் ஓரளவு உண்மை இருந்தது. சாக்கடைக்கு ஒரு விண்ணப்பம், பூங்காவுக்கு ஒரு விண்ணப்பம், பழைய பேட்டைகளை இடித்துப் புதுப்பிக்க இன்னொன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாஷிங்டனின் கதவைத் தட்ட வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த அதிகாரிகள் உள்ள நகரம் அள்ளிக்கொண்டு போகும். 1973 ஜனவரியில் நிக்சன் நிர்வாகம் வீட்டு மானியத் திட்டங்களை அப்படியே நிறுத்திவைத்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 22-ல், பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், அந்தத் தனித்தனித் திட்டங்களை ஒன்றாக்கி ‘சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம்’ என்ற ஒரே பையில் போட்டது.

அந்தப் பை சூத்திரப்படி பங்கிடப்படுகிறது. மக்கள்தொகை, வறுமை, நெரிசலாக வாழும் வீடுகள் ஆகியவற்றை வைத்து ஒரு கணக்கு. வறுமை, 1940-க்கு முன் கட்டிய வீடுகள், மக்கள்தொகை வளர்ச்சியில் பின்தங்கிய அளவு ஆகியவற்றை வைத்து இன்னொரு கணக்கு. எது அதிகத் தொகை தருகிறதோ அதுவே அந்த ஊருக்கு. வேகமாக வளரும் தெற்கு நகரத்துக்கும், ஆலைகள் மூடி ஆள் குறைந்துபோன வடக்கு நகரத்துக்கும் வெவ்வேறு விதமான தேவை என்பதை இந்த இரட்டைக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. மாநிலங்கள், நகரங்கள், கவுன்டிகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,200 இதைப் பெறுகின்றன. போட்டி போட்டு வாங்க வேண்டிய மானியங்கள் தனியே இருக்கின்றன. இது அதில் சேராது.

இந்தப் பணத்தில் புது வீடு கட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சில விதிவிலக்குகள் தவிர, தொகுப்பு மானியத்தைப் புது வீடு கட்டச் செலவிடவே கூடாது. சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய், முதியோர் மையம் ஆகியவற்றோடு பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அது பயன்படுகிறது. இந்தக் கடைசி வேலைதான் வெளியே அதிகம் தெரியாதது, ஆனால் மிகவும் தேவையானது.

தனியே வாழும் ஒரு வயதான பெண்ணின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு சொந்தம், கையில் காசு இல்லை. அவர் நகராட்சியில் வருமானச் சான்றுகளோடு விண்ணப்பிக்கிறார். வருமானம் அந்த வட்டார இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆய்வாளர் வந்து கூரை ஏறிப் பார்க்கிறார். வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது, அது பழமைச் சின்னமா என்பதையெல்லாம் சரிபார்க்கிறார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்ற கேள்வி எழும். பழுதுபார்க்கும் தொகை 25,000 டாலரைத் தாண்டினால், அந்த ஈய அபாயத்தை முழுமையாக நீக்கியாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு சில வீடுகளில் கூரைச் செலவையே மிஞ்சிவிடும். பிறகு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி கேட்டு, வேலை முடிந்ததும் நகராட்சி ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கிறது. பல நகரங்கள் இந்தத் தொகையை வீட்டின் மீது வில்லங்கமாகப் பதிவு செய்கின்றன. குறிப்பிட்ட ஆண்டுகள் அதே வீட்டில் அந்தப் பெண் வாழ்ந்தால் கடன் தள்ளுபடி. முன்னதாக விற்றால் திருப்பித் தர வேண்டும். இத்தனை படிகளும் கடந்து ஒரு கூரை மாறுகிறது. இதை ‘இலவசம்’ என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவது நியாயமே இல்லை.

புது வீடுகளுக்கான மானியம் வேறு. 1990-ல் மூத்த புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த ‘ஹோம்’ திட்டம் அது. அதில் பணம் வாங்கும் நகரம், செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 25 சென்ட் தன் பக்கத்திலிருந்து போட வேண்டும். கட்டப்படும் வாடகைக் குடியிருப்பு 20 ஆண்டுகள் குறைந்த வருமானத்தாருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை மட்டும் வைத்து ஒரு கட்டடத்தையும் எழுப்பிவிட முடியாது. 1986-ல் ரீகன் காலத்து வரிச் சீர்திருத்தம் தந்த வரிச்சலுகைதான் இன்று கட்டுமானத்தின் முதுகெலும்பு. அது மானியமே அல்ல. வங்கிகளும் பெரு நிறுவனங்களும் அந்தச் சலுகையை வாங்கி முதலீடு போடுகின்றன. ஒரே கட்டடத்தில் வரிச்சலுகை, ஹோம், மாநில நிதி, நகர நிதி, வங்கிக் கடன் என ஐந்து வகைப் பணம் கலந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வருமான வரம்பு, தனி தணிக்கை. வழக்கறிஞர் கட்டணத்துக்கே கணிசமான தொகை போய்விடுகிறது. இந்தச் சிக்கலைக் குறை சொல்பவர்கள் சொல்வது சரிதான்.

அரசு உதவியோடு குடியிருப்பவர்கள் வாடகை கொடுப்பதில்லை என்பது அப்பட்டமான தவறு. அரசின் வாடகை உதவிச் சீட்டான வவுச்சரை வைத்திருக்கும் குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுக்கிறது. 1969-ல் மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்டு புரூக் கொண்டுவந்த திருத்தம் அரசுக் குடியிருப்பில் இந்த வரம்பை 25 சதவீதமாக வைத்தது. 1981-ல் அது 30 ஆனது. உதவிக்குத் தகுதியான நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி கிடைக்கிறது. மற்ற மூன்றும் வெளியே நிற்கின்றன.

பணம் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். 1975-ல் தொகுப்பு மானியம் ஏறத்தாழ 250 கோடி டாலர். இன்று சுமார் 330 கோடி. இடையில் விலைவாசி ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பங்கு கேட்கும் நகரங்களும் கவுன்டிகளும் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன. ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீடு ‘நிலையாக’ இருக்கிறது என்று சொல்லப்படும்போதெல்லாம் உண்மையில் அது தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

மானியத்தை ஆதரிப்பவர்கள் பக்கத்திலும் மிகைகள் உண்டு. 2017 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் இந்த மானியத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தபோது, முதியோருக்கு வீடு தேடி உணவு கொண்டுபோகும் ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ மூடப்பட்டுவிடும் என்ற செய்தி தீயாகப் பரவியது. அந்தச் சேவைக்கு வரும் மத்தியப் பணத்தில் பெரும்பகுதி வேறொரு சட்டத்திலிருந்து, 1965-ன் முதியோர் சட்டத்திலிருந்து வருகிறது. தொகுப்பு மானியத்தில் பொதுச் சேவைகளுக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. சில ஊர்க் கிளைகளுக்குப் பலத்த அடி விழுந்திருக்கும், சேவை முழுதும் படுத்திருக்காது. நாடாளுமன்றம் அப்போது மானியத்தை ஒழிக்கவில்லை, மாறாக உயர்த்தியது. 2026 நிதியாண்டுக்கான பரிந்துரையில் தொகுப்பு மானியம், ஹோம் இரண்டையுமே நீக்கும் யோசனை மறுபடி வந்தது.

பக்கத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டினால் நம் வீட்டு மதிப்பு சரியும் என்ற அச்சத்தைச் சற்று நிதானமாக அணுக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்வேட் இருவரும் வரிச்சலுகையில் கட்டிய குடியிருப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு, விடை இடத்தைப் பொறுத்தது என்கிறது. ஏழ்மையான பகுதியில் அப்படியொரு கட்டடம் வந்தால் மைலில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் வீட்டு விலை சுமார் 6.5 சதவீதம் ஏறியது. வசதியான, சிறுபான்மையினர் குறைவான பகுதியில் சுமார் 2.5 சதவீதம் இறங்கியது. அச்சம் முழுப் பொய்யல்ல. ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவாக அதைச் சொல்லிக் கட்டடத்தைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை.

புயல் அடித்தால் பணம் தானாக வந்துவிடும் என்பதும் தவறு. பேரிடருக்குப் பிந்தைய தொகுப்பு மானியத்துக்கு நிரந்தரச் சட்டம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்க வேண்டியிருந்தது. வந்த பணமும் எல்லோருக்கும் சமமாகச் சேர்வதில்லை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் லூசியானா மாநிலம் ‘ரோடு ஹோம்’ என்ற திட்டத்தில் வீட்டு உரிமையாளர்களுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர் வரை கொடுத்தது. புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. கேட்கும்போது இதில் பிழை எதுவும் தெரியாது. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் குடியிருப்புகளில் சந்தை மதிப்பு பல தலைமுறைப் பாகுபாட்டால் தாழ்ந்தே கிடந்தது. ஒரே அளவு வீடு, ஒரே அளவு வெள்ளம், மரத்துக்கும் சிமென்ட்டுக்கும் ஒரே விலை. ஆனால் கறுப்பினக் குடும்பத்துக்குக் கிடைத்த தொகை குறைவு. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. ஆறு ஆண்டுகள் அவர்களைக் காக்க வைத்த அந்தக் கணக்கு ஒரு கொடுமை.

எல்லாவற்றையும் வாஷிங்டன் முடிவு செய்கிறது என்பதே மிகப் பெரிய தவறு. வாஷிங்டன் வேலி போடுகிறது. 70 சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருமானத்தாருக்குப் பயன்பட வேண்டும். நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலிக்குள் என்ன செய்வது என்பது நகர்மன்றத்தின் கையில். சில இடங்களில் வேலி கூடுதல்: மெக்சிகோ எல்லையோரம் உள்ள நான்கு மாநிலங்கள், சாலையும் சாக்கடையும் இல்லாமல் மனை பிரித்து விற்கப்பட்ட ‘கொலோனியா’ குடியிருப்புகளுக்கென்று தங்கள் மானியத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். டெக்சாஸில் தெருக்குழாய் வந்த பிறகும் வீட்டுக்கு இணைப்பு எடுக்கப் பணமில்லாத குடும்பங்களுக்கு, தெருவிலிருந்து வீடு வரையிலான குழாய்ச் செலவையும் இந்த மானியம் ஏற்றிருக்கிறது.

உள்ளூர் அதிகாரம் தவறாகவும் போகும். நியூயார்க்கின் வடக்கே உள்ள செல்வந்தக் கவுன்டி வெஸ்ட்செஸ்டர், 2000 முதல் 2006 வரை 5 கோடி டாலருக்கு மேல் மானியம் வாங்கியது. இனப் பாகுபாடின்றி வீட்டு வாய்ப்பை வளர்ப்போம் என்று ஆண்டுதோறும் உறுதிமொழி கொடுத்தது. ஆனால் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் மிகக் குறைவான ஊர்களில் அந்த உறுதிமொழிக்கு ஏற்ற வேலை நடக்கவில்லை. ஒரு தொண்டு நிறுவனம், உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசை ஏமாற்றிய வியாபாரிகளுக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 2009-ல் சமரசம் ஏற்பட்டது. 6 கோடி டாலருக்கு மேல், அந்த ஊர்களில் 750 வீடுகள். கையெழுத்திட்ட உறுதிமொழிக்கு நீதிமன்றத்தில் எடை உண்டு என்பதை மற்றக் கவுன்டிகளும் அன்று தெரிந்துகொண்டன.

இந்த முடிவுகள் எடுக்கப்படும் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை நகரம் மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். வரைவுத் திட்டத்தை 30 நாட்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஒருவர் எழுந்து நின்று சொன்ன கருத்தையும், எழுதி அனுப்பிய கருத்தையும் சுருக்கி இறுதித் திட்டத்தோடு இணைக்க வேண்டும். அதை நகரம் ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்ற காரணமும் அதே ஆவணத்தில் இடம்பெற்றாக வேண்டும்.