காரின் ராடியேட்டரை மாற்றும் முறை

கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை வேளையில் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். வாகனங்கள் ஊர்ந்து கொண்டிருக்கும். சாலையோரத்தில் பழைய கார் ஒன்று முன்மூடி திறந்தவாறு நிற்கும். உள்ளிருந்து வெண்ணிற ஆவி எழும். ஓட்டுநர் கையில் ஒரு துணியுடன் குனிந்து கொண்டிருப்பார். அந்தத் துணியைக் கொண்டு அவர் செய்யப் போகும் காரியமே நம்மை அஞ்ச வைக்கிறது. சூடாக இருக்கும் ராடியேட்டரின் மூடியைத் திருகினால், கொதிநீர் பீறிட்டு முகத்தையும் மார்பையும் வேகவைத்துவிடும். கண் பார்வைக்கே கேடு விளையலாம்.

இன்று தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் கார் உண்டு. பெரும்பாலும் அது கைமாறி வந்த புரோட்டோன் சாகாவாகவோ பெரோடுவா கஞ்சிலாகவோ இருக்கும். சாகா 1985 ஜூலை 9ஆம் நாளிலும், கஞ்சில் 1994ஆம் ஆண்டிலும் அறிமுகம் கண்டவை. பேருந்து வராத தோட்டத்திலிருந்து நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல அந்தக் கார்தான் துணை. எனவே அதன் நீர்த்தொட்டியை அறிந்து வைத்திருப்பது வீண் வேலையன்று.

இயந்திரத்தில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. பல கார்களில் அதற்கும் குறைவு. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய வெப்பத்தை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திக்கொண்டு ராடியேட்டருக்கு வருகிறது. அங்கு நடப்பதை அறிய பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துத் தேநீர்க்கடை ஒன்றின் முன் நின்றாலே போதும். தே தாரிக் ஆற்றுபவர் கொதிக்கும் தேநீரை உயரத்திலிருந்து மெல்லிய இழையாக ஊற்றுகிறார். இழை மெலியும்போது காற்றுப்படும் பரப்பு கூடுகிறது; சூடு விரைவில் தணிகிறது. ராடியேட்டரிலும் நீர் நுண்ணிய குழாய்கள் பலவற்றில் பிரிந்து ஓடுகிறது. குழாய்களுக்கு இடையே மெல்லிய தகடுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முன்னிருந்து வரும் காற்றும், விசிறி இழுக்கும் காற்றும் அத்தகடுகளின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றன.

இவ்வமைப்பைச் சீர்படுத்தியவர்களுள் ஜெர்மானியப் பொறியியலாளர் வில்ஹெல்ம் மைபாக் முதன்மையானவர். 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூட்டைப் போன்ற ராடியேட்டரை அமைத்தார். அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் இருந்தன. அதற்கு முன்பிருந்த கார்கள் பெருமளவு நீரைச் சுமந்து ஓட வேண்டியிருந்தது.

ராடியேட்டரையும் இயந்திரத்தையும் இணைக்கும் கறுப்புக் குழாய்கள் நாம் வெட்டும் பாலில் செய்யப்பட்டவை என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு காலத்தில் அது உண்மைதான். ஆனால், இயற்கை ரப்பர் நெடுநேர வெப்பத்தைத் தாங்காது. உயிர்வளி பட்டு வெடித்துப் போகும். ஆகவே இக்காலக் குழாய்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. நமது ரப்பர் இடம்பெறுவது இயந்திரத்தைத் தாங்கும் மெத்தைகளிலும், கனரக வாகனங்களின் டயர்களிலும், விமான டயர்களிலும் ஆகும். அதிர்வையும் கிழிசலையும் தாங்குவதில் அதற்கு நிகர் காண்பதரிது.

கார் சூடேறினால் ராடியேட்டர்தான் குற்றவாளி என்று உடனே தீர்மானித்தல் தவறு. விசிறி சுழலாமல் இருக்கலாம். நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் அடைத்துக் கொண்டிருக்கலாம். நீர்ப்பம்பு ஒழுகலாம். ராடியேட்டரின் இரு விளிம்புகளிலும் உள்ள பிளாஸ்டிக் தொட்டி, அலுமினியப் பகுதியுடன் சேரும் இடத்தில் ஈரமோ வெண்ணிறப் படிவோ தென்பட்டால் அது ராடியேட்டரின் ஒழுக்கு. முற்காலத்துச் செம்பு, பித்தளை ராடியேட்டர்களைப் பட்டறைகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பர். பிளாஸ்டிக் தொட்டிக்கு அது இயலாது, மாற்றுவதே வழி. ஆனால், இயந்திர எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தாலோ, நீரில் ஓயாமல் குமிழி எழுந்தாலோ, பழுது இயந்திரத்தின் தலைப்பகுதியில் இருக்கலாம். அந்நிலையில் புதிய ராடியேட்டர் வாங்குவது பணத்தை ஆற்றில் விடுவதாகும்.

இதனை எழுதுபவர் பட்டறிந்த ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பத்து தீகாவுக்கு அருகே காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. இன்னும் சிறிது தொலைவுதானே என்று ஓட்டினேன். பின்னர் நிறுத்தி, பொறுமையின்றிக் குளிர்ந்த நீரை ஊற்றினேன். கிள்ளானில் பட்டறைக்காரர் இயந்திரத் தலைப்பகுதி வளைந்துவிட்டது என்றார். ராடியேட்டரின் விலையைப் போல் பல மடங்கு செலவாயிற்று. முள் ஏறியதும் குளிர்சாதனத்தை அணைத்து, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் அச்செலவு இல்லை.

இனி மாற்றும் முறையைக் காண்போம். காரைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரம் முழுவதும் ஆறும் வரை, குறைந்தது ஒரு மணி நேரம், காத்திருக்க வேண்டும். மேற்குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று உறுதி செய்த பிறகே மூடியைத் திறக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். ராடியேட்டரின் மூடி அழுத்தத்தை அடக்கி வைப்பதால், உள்ளிருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே அழுத்தம் நீங்கி, அடங்கிய நீர் ஆவியாய்ச் சீறும்.

பின்னர் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. மின்விசிறி சில கார்களில் இயந்திரம் நின்ற பிறகும் தானே சுழலத் தொடங்கும். விரல் அகப்பட்டால் பெருந்துன்பம். அடுத்து, அடியில் உள்ள திருகைத் தளர்த்தி நீரை அகன்ற பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். மேற்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் பிடிப்பு வளையங்களைத் தளர்த்தி, குழாயை முதலில் சற்றுத் திருகி, பிறகு இழுக்கலாம். ஒட்டிக்கொண்ட பழைய குழாயை இரும்புக் கம்பியால் நெம்பினால் பிளாஸ்டிக் முனை உடையும். புதிய குழாய் போடுவதாயின் பழையதைக் கத்தியால் நெடுக்காகக் கீறி எடுப்பது நல்லது. தானியங்கிக் கியர் உள்ள பல கார்களில் கியர் எண்ணெயும் ராடியேட்டருக்குள் வந்து ஆறிச் செல்லும். அவ்விரு சிறு குழாய்களையும் கழற்றியவுடன் அடைக்க வேண்டும்.

மின்விசிறியின் கம்பி இணைப்பைப் பிரித்து, அதன் சட்டத்தைக் கழற்றியபின், மேற்பிடிகளை நீக்கி ராடியேட்டரை நேர்மேலாகத் தூக்கலாம். அதன் முன்னே குளிர்சாதனத்துக்கு உரிய தகட்டுப்பெட்டி இருக்கும். அதன் குழாய்களைத் தொடுதல் கூடாது. உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. அடியிலுள்ள ரப்பர் மெத்தைகள் இரண்டும் தவறாமல் எடுத்து வைக்கப்பட வேண்டும். பலர் அவற்றைத் தொலைத்துவிட்டு, புதிய ராடியேட்டர் அதிர்ந்து உடைந்தது ஏன் என்று வியக்கின்றனர்.

புதியதைப் பொருத்துமுன் பழையதோடு அருகருகே வைத்து அளவு, குழாய் முனை, பிடி ஆகியவற்றை ஒப்பிடுக. கடைக்குப் பழைய ராடியேட்டரைக் கையோடு கொண்டு செல்வதே உத்தமம். பொருத்துவது கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் நடைபெறும். பிளாஸ்டிக் முனைகளில் வளையத்தை அளவுக்கு மிஞ்சி இறுக்க வேண்டாம். மூடியும் பழையதாயின் அதே அழுத்த அளவுள்ள புதியதை வாங்கிவிடலாம். அதன் விலை அற்பம்.

பனி பெய்யாத நம் நாட்டில் குளிர்ப்பி நீர்மம் எதற்கு என்று கேட்போர் உளர். அது கொதிநிலையை உயர்த்துவதோடு, அலுமினியம் அரிக்கப்படாமலும் காக்கிறது. கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் உள்ள உப்புகள் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும். எனவே, கார்க் கையேடு குறிக்கும் வகையை, அது சொல்லும் அளவில், வடிநீருடன் கலந்து மெல்ல ஊற்ற வேண்டும். பேட்டரியை இணைத்து, மூடி திறந்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டு, முகத்தை விலக்கி நின்று கவனிக்கவும். அடைபட்ட காற்று குமிழியாக வெளிவரும், நீர் இறங்கும், இறங்கிய அளவு ஊற்ற வேண்டும். மேற்குழாய் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது எனப் பொருள். குமிழி நின்றதும் இயந்திரத்தை நிறுத்தி மூடியை இறுக்கலாம். மறுநாள் காலை, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், நீர்மட்டத்தையும் இணைப்புகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

இத்தொழிலை முறையாகக் கற்க விரும்பும் தோட்டப்புற இளைஞர்களுக்கு மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகனப் பிரிவு உண்டு. மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம்.

பாத்திரத்தில் பிடித்த பழைய நீர்மத்தை லயத்துச் சாக்கடையில் ஊற்றலாகாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் சுவைக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மூடியுள்ள புட்டியில் அடைத்து, குளிர்பானப் புட்டியாயின் அதன் பெயர்த்தாளைக் கிழித்து, 'நஞ்சு' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அங்கே ஒப்படைக்கவும்.