இருட்டில் ஒரு பாட்டில் வை

அன்பு மகள் ஷீபாவுக்கு,

உன் கடிதத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அல்மேரியா வெயில் நம்ம ஊர்ச் சித்திரையைத் தோற்கடிக்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி அவள் வரவேயில்லை. "தொப்பி போடுதாளா, கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். வெயிலையும் ஒரு வெள்ளைப் பொடியையும் வைத்துத் தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்ல நீ ஆராய்ச்சி செய்கிற டபர்னாஸ் பாலைவனத்தில்தான் ஒரு காலத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் படங்களை எடுத்தார்கள். அவரே தொப்பியைக் கழற்றவில்லை. நீ என்ன பெரிய ஆள்?

"99.9 சதவீதம் கிருமி காலி, பெரியப்பா!!!" என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் ஈ.கோலையில் தொடங்கியதாகவும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறாய். 99.9 போனால் ஆயிரம் மிச்சம். குடிக்கிற தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது நம்ம ஊர் விதி. சதவீதம் எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே மிச்சத்தையும் எழுதிவிடு, மக்கா.

நான் குடிநீருக்குக் குளோரின் போட்டு, ப்ளீச்சிங் பவுடர் வாசனையிலேயே தலை நரைத்தவன். அதனால் உன் வெயில் வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குழாய்த் தண்ணீரில் புகுந்து சுமார் நாலு லட்சம் பேரைப் படுக்க வைத்தது. அதன் ஓட்டுக்கு முன்னால் எங்கள் குளோரின் செல்லாது. புது வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதோடு உன் வெள்ளைப் பொடிமேல் எனக்குத் தனிப் பாசமும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பாவாடை நிறையக் கறுப்பு மணலை ஒட்டிக்கொண்டு வந்து பெரியம்மாவிடம் ஏச்சு வாங்குவாயே, அந்த மணலில் இருக்கிற இல்மனைட்டிலிருந்தும் எடுப்பது இதே டைட்டானியம் டை ஆக்சைடைத்தான். அதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று டோக்கியோவின் புஜிஷிமாவும் அவர் ஆசிரியர் ஹோண்டாவும் எழுதியது 1972-ல். அது கிருமியையும் கொல்லும் என்று மட்சுனாகா குழு காட்ட 1985 ஆகிவிட்டது. நீ இரண்டாம் வருஷத்திலேயே ஒன்றும் நகரவில்லை என்று புலம்புகிறாய்!

388 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி பட்டதும் எலக்ட்ரான் துள்ளுகிறது. அது விட்டுப்போன துளை தண்ணீரைப் பிடித்து ஹைட்ராக்சில் ராடிக்கல் ஆக்குகிறது. இந்த ராடிக்கல் நம்ம தெக்கு வீட்டு மாமா மாதிரி. மகா கோபம், ஆனால் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது; பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அடி. பொடியை ஒட்டி நிற்கிற கிருமியின் செல்சவ்வு கிழியும். தள்ளி நின்றது தப்பித்துவிடும். இதில் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட்டும் மக்கிய இலைச் சாறும் குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொள்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் வருகிற எண்ணைப் பார்த்துக் கூத்தாடாதே. அவ்வப்போது ஏதாவது கிணற்றிலிருந்து ஒரு கேன் மொண்டு வந்து அதிலும் செய்து பார்.

இனி நச்சரிப்பு. எத்தனை களைப்பானாலும் பொடி போட்ட பாட்டில் ஒன்றை இருட்டில் வை. பொடி போடாத பாட்டில் ஒன்றை வெயிலில் வை. பெய்ரூட்டில் அக்ரா என்பவர் பொடியே இல்லாமல், வெறும் வெயிலாலேயே கிருமி சாகிறது என்று 1980-களிலேயே காட்டிவிட்டார். பெட் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால் போதும் என்று சுவிட்சர்லாந்துக்காரர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வெயில் செய்த வேலைக்குப் பொடிக்கு மாலை போட்டுவிடாதே. தண்ணீர் 50 டிகிரியைத் தொட்டால் அந்தச் சூடும் சேர்ந்து கொல்லும். ஆகவே தெர்மாமீட்டரையும் பார். மேகம் வந்தால் வந்த நேரத்திலேயே நோட்டில் குறி. ராத்திரி அறைக்குப் போய் நினைவிலிருந்து எழுதுகிற பழக்கம் உனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு, எனக்குத் தெரியும்.

சுத்தம் செய்த தண்ணீரை ஒரு ராத்திரி இருட்டில் வைத்து மறுபடி எண்ணு. செத்ததுபோலக் கிடந்துவிட்டுத் தேறி எழுகிற கிருமிகள் உண்டு. எங்கள் குளோரின் கடைசி வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காவலுக்குப் போகும். ஆர்த்தோடாலிடின் விட்டால் மஞ்சள் தட்டும். பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். உன் முறையில் வெளிச்சம் போனதும் காவலும் போய்விடுகிறது. அப்புறம் யாராவது கழுவாத டம்ளரை உள்ளே விட்டால் கேட்க நாதியில்லை. என்னைக் கேட்டால் இது குடிக்கிற வீட்டிலேயே, குடிக்கிற அன்றைக்கே செய்வதற்கு ஏற்றது. ஊர்த் தொட்டிக்கு ஏற்றதல்ல. உன் கைடு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவரோடு வாதாடு, ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போய் வாதாடு.

கண்ணாடிக் குழாயில் பொடியைப் பூசிப் பார்த்தது சரியாக வரவில்லை, அதை அறிக்கையில் சேர்க்கவா என்று கேட்டிருந்தாய். இதென்ன கேள்வி, சேர்! பொடியாகக் கலந்தால் வேலை வேகமாக நடக்கும்; அத்தனை நுண்ணிய பொடியைக் குடிப்பதற்குமுன் யார் வடித்தெடுப்பது? பூசிவிட்டால் வடிக்க வேண்டாம். ஆனால் கிருமி சுவரைத் தேடி வர வேண்டும். இந்தத் துறையில் எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் அதுதான். அந்தக் குழாயின் எண்களை எனக்கும் அனுப்பு. பூச்சு உரிகிறதா, தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்பதையும் சேர்த்து எழுது. கருப்பட்டி கேட்டிருந்தாய், அந்தப் பக்கம் வருகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன்.

பிரியமுள்ள,
பெரியப்பா