பொது இடத்தில் வியாபாரம்: வேடந்தாங்கலில் இருந்து ஒரு பாடம்

இந்த மாதச் சுவர் இதழுக்குச் சுற்றுச்சூழல் பற்றி எழுதச் சொன்னார்கள். மரம் நடுவது பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவீங்க. அதனால் நான் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அரசு பாதுகாக்கும் காட்டிலும் ஏரியிலும் கடை, படகு, வண்டி நிறுத்தும் இடம், வழிகாட்டி, லாட்ஜ் என்று சுற்றுலா வியாபாரம் நடக்கிறது. அதை எப்படி நடத்தினால் சரி என்பதுதான் கட்டுரை.

நம் உத்திரமேரூர் பஜாரில் ஒருவர் கடை வைத்தால் சரக்கு அவருடையது. கெட்டுப்போனால் நஷ்டமும் அவருக்குத்தான். ஆனால் சரணாலய வாசலில் கடை வைப்பவருக்கு ஆள் வருவது அவர் சரக்கைப் பார்த்து இல்லை. பறவையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அந்தப் பறவை அவருடையது இல்லை, நம் எல்லாருக்கும் பொது. இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. முன்பு ஒரே மாவட்டம். 2019-ல் பிரித்த பிறகு அது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஏரி பெரியது ஒன்றும் இல்லை, சுமார் 30 எக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். தண்ணீருக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கும். அதன் மேல் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டும். 2022-ல் இந்த ஏரியும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஒரு ஊர். 1971-ல் அங்கேதான் உலக நாடுகள் கூடி ஏரி, சதுப்பு நிலங்களைக் காக்க ஒப்பந்தம் போட்டன.

வேடந்தாங்கல் என்றால் வேடர்கள் தங்கிய இடம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். வேட்டைக்காரர் பெயர் வைத்த ஊரில்தான் பறவையைச் சுடக்கூடாது என்று ஜனங்களே சண்டை போட்டிருக்கிறார்கள்! வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, அதே கலெக்டர்தான்.

அப்போது டிக்கெட் ஏது, டூரிஸ்ட் ஏது? பிறகு எதற்குக் காத்தார்கள்? பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்து இருக்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக நெல் வயலுக்குப் போகிறது. யூரியா மூட்டை தெரியாத காலத்தில் அது எவ்வளவு பெரிய லாபம்! பறவைக்கு மரமும் பாதுகாப்பும் கொடுத்தார்கள், வயலுக்கு உரம் வாங்கிக்கொண்டார்கள். அதனால் வேடந்தாங்கலில் பறவையால் பிழைப்பது புதிது இல்லை என்பது என் கருத்து. பறவையை விரட்டாமல் பிழைத்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பெரியம்மா சீசனில் அந்தப் பக்கம் வேர்க்கடலையும் இளநீரும் விற்பார். நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை நல்ல வியாபாரம் என்றார். "வருஷம் பூரா விப்பீங்களா பெரிம்மா?" என்று கேட்டேன். "எங்கடி? மழை ஏமாத்துனா ஏரியில தண்ணி நிக்காது. தண்ணி இல்லன்னா பறவை எறங்காது. அப்படி ஒரு வருஷம் ஒரு மூட்டை கடலை வாங்குனது வாங்குனபடியே வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு" என்றார். அந்த வருடம் அக்காவின் காலேஜ் பீஸுக்குத் தோட்டை அடகு வைத்தார்கள். எனவே இது பறவைப் பிரச்சினை மட்டும் இல்லை.

இப்போது கெடுதல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாய்ப்பறவை இறக்கையை விரித்து நிழல் கொடுக்கும். திடீரென்று வெடிச் சத்தமோ, ஹாரனோ, தலைக்கு மேல் டிரோனோ வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது அழகு, போட்டோ எடுக்கலாம். அந்த ஐந்து பத்து நிமிடத்தில் காக்காயும் பருந்தும் முட்டையைத் தூக்கிப் போய்விடும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிவிடும். அடிக்கடி இப்படி நடந்தால் பறவை கூட்டையே விட்டுவிடும். ஒரு ஆளுக்காகக் கைதட்டிப் பறக்க விட்டால் நூறு கூட்டுக்கு ஆபத்து. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் இதற்காகவே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நம் தெருப் பையன்களை ஒரு தீபாவளிக்கு அப்படி இருக்கச் சொல்லிப் பாருங்கள்!

ஆட்களுக்கும் ஆபத்து உண்டு. 30 செப்டம்பர் 2009 அன்று கேரளாவில் தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதால் படகு சாய்ந்தது என்று சொன்னார்கள். காட்டு மிருகத்தைக் காட்டுகிறேன் என்று பணம் வாங்குபவர், அதைக் கண்டதும் ஜனங்கள் எழுந்து ஓடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும் இல்லையா?

அதே தேக்கடி உள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1990-களின் கடைசியில், காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை வனத்துறை கூப்பிட்டு வழிகாட்டிகள் ஆக்கியது. காட்டில் எல்லா வழியும் அவர்களுக்கு அத்துப்படி. சுற்றுலாப் பயணிகளைச் சிறு சிறு குழுவாக நடத்திக் கூட்டிப் போவார்கள், கூடவே காட்டையும் காவல் காப்பார்கள். எங்கிருந்தோ வந்த கம்பெனி இல்லை, அந்த ஊர் ஆட்களே சம்பாதித்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

வெளிநாட்டில் எப்படி என்று சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். நியூசிலாந்தைப் பற்றிச் சொன்னார்கள். அந்த நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் பொதுப் பாதுகாப்பு நிலம். 1987-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கே வழிகாட்டியாக வேலை செய்தாலும் சரி, ஹெலிகாப்டர் இறக்கினாலும் சரி, முதலில் அனுமதி வாங்க வேண்டும். நான் செய்யப்போவதால் என்ன கெடும், அதைத் தடுக்க என்ன செய்வேன் என்று வியாபாரியே எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி இத்தனை வருடம் என்று கெடுவோடுதான் வரும், கட்டணமும் உண்டு. மில்ஃபோர்டு என்று ஒரு புகழ்பெற்ற நடைபாதை இருக்கிறது. சீசனில் அதில் வழிகாட்டி இல்லாமல் சொந்தமாக நடக்க வருபவர்களில் ஒரு நாளைக்கு 40 பேரைத்தான் விடுவார்கள். பணம் அதிகம் தருகிறேன் என்றாலும் 41-வது ஆளுக்கு இடம் கிடையாது.

நம் பக்கம் குத்தகை என்றால் ஏலம்தான். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. அவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? பத்து வண்டி நிற்கிற இடத்தில் முப்பது வண்டியை விடுவார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஏலம் விட்ட முறை அப்படி. அதிகப் பணம் யார் தருகிறார் என்பதோடு, போன தடவை ஒழுங்காக நடத்தினாரா என்றும் பார்த்துக் கொடுக்கலாம்.

இதற்கு நியூசிலாந்து வரை போகவே வேண்டாம். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை என்று ஐந்து மார்க்குக்குப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஆறு பேர். 360 நாள்தான் பதவி. தப்பு செய்தால் நடுவிலேயே இறக்கிவிடுவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய சொந்தக்காரர்களும் வர முடியாது! (சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் அந்த வாரியம். நான் நின்றால் என் பெயரைக் குடத்தில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் விதி நல்ல விதி.) ஏரிக்கரையில் குத்தகை எடுப்பவருக்கு இந்த விதியைப் போட்டால் என்ன? எத்தனை வண்டி வந்தது, எவ்வளவு வசூல், குப்பை எங்கே போனது, அதில் ஏரிக்கு எவ்வளவு செலவு செய்தார் என்று நுழைவாயிலில் போர்டில் எழுதட்டும். எழுதாதவருக்கும் அவர் மச்சானுக்கும் அடுத்த வருடம் குத்தகை இல்லை.

என் தோழி இதைப் படித்துவிட்டு, பேசாமல் எல்லாக் கடையையும் எடுத்துவிட்டால் பறவை நிம்மதியாக இருக்குமே என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்குள் ஊரும் வயலும் இருக்கின்றன. அந்த ஜனங்களுக்குப் பறவையால் பத்துப் பைசாகூட வராது என்றால், ராத்திரியில் வேட்டைக்கு வருபவனைப் பார்த்து யார் சத்தம் போடுவார்கள்? கடை இருக்கட்டும், கரையில் இருந்து தள்ளி இருக்கட்டும். ஸ்பீக்கர் வேண்டாம். பிளாஸ்டிக் கவர், கப்பை 2019-லேயே தமிழ்நாட்டில் தடை செய்தாகிவிட்டது. பெரியம்மா கடலையைப் பேப்பரில்தான் மடித்துக் கொடுக்கிறார். முதல் இடம் வெளியூர் முதலாளிக்கு இல்லாமல் இப்படி உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

பொங்கல் லீவுக்கு முன்னால் நம்மை வேடந்தாங்கல் கூட்டிப் போவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். காலையில் சீக்கிரம் போனாலும் சாயங்காலம் பறவைகள் கூடு திரும்பும்போது போனாலும் நிறைய பார்க்கலாம். பளிச்சென்ற கலர் டிரஸ் வேண்டாம். சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டு வாங்க. யார் வீட்டிலாவது பைனாகுலர் இருந்தால் எடுத்து வாங்க, மாற்றி மாற்றிப் பார்ப்போம். கடலை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வராதீங்க, அங்கே வாங்கிக்கலாம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி